பாட்டு எங்கே வர வேண்டும்?

(நம் சங்க நாடகக் குழுவின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இரவு ஷிப்டு முடித்து நேராக இங்கே வந்திருப்பவர்கள் சிலர் இருக்கிறீர்கள். நானும் காலை ஆறு மணிக்குப் பார்சல் ஆபீசில் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வந்தவன்தான். எனவே நீட்டி முழக்கப் போவதில்லை. நான் பத்தாம் வகுப்புவரை படித்தவன். ராகத்தின் பெயரைக் கேட்டால் விழிப்பேன். ஆனால் ஊரில் அம்மன் கொடைக்கு வில்லுப்பாட்டும், விடிய விடிய வள்ளி திருமணமும் பார்த்து வளர்ந்தவன். இந்தப் பம்பாய்க்கு வந்தபிறகு பதினெட்டு ஆண்டுகளாக நம் மக்களுக்கு நாடகம் போட்டு, அதில் பாதி நாடகங்களைக் கெடுத்தவன். அந்தத் தகுதியில்தான் பேசுகிறேன்.

வரும் பொங்கல் விழாவில் நாடகம் வேண்டாம், அந்தப் பணத்துக்கு ஆர்க்கெஸ்ட்ரா வைத்துவிடலாம் என்று செயற்குழுவில் ஒரு கருத்து வந்திருக்கிறது. சொன்னவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. போன வருடம் இரண்டாவது காட்சியிலேயே பாதி நாற்காலி காலியானதை எல்லோரும் பார்த்தோம். பிள்ளைகள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். 'ஜனங்களுக்கு நாடகம் பிடிக்கவில்லை' என்கிறார்கள். ஜனங்களுக்குப் பிடிக்காதது நாடகமா, நாம் போட்ட நாடகமா? இதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

என் தவறிலிருந்து தொடங்குகிறேன்

ஆறு ஆண்டுகளுக்கு முன் நம் ஆட்களில் ஒருவர், ஒப்பந்தத் தொழிலாளி, தண்டவாள ஓரத்தில் சாக்கடை தோண்டும் வேலையில் இருந்தபோது வண்டியில் அடிபட்டு இறந்துபோனார். மனைவியும் இரண்டு குழந்தைகளும் நடுத்தெருவில் நின்றார்கள். வருகைப் பதிவேட்டில் அப்படி ஒரு பெயரே இல்லை என்று ஒப்பந்தக்காரர் கைவிரித்தார். சங்கம் தலையிட்டது. அலைந்து திரிந்து ஒரு தொகை கிடைத்தது. அது உங்களுக்குத் தெரிந்த கதை.

அதை நான் நாடகமாக எழுதினேன். ஒரு மணி நாற்பது நிமிடம் ஓடும் நாடகம். அதில் மட்டும் ஒன்பது சொற்பொழிவுகள் வைத்திருந்தேன். கணவன் ஒன்று பேசுவான், சங்கத் தலைவர் ஒன்று பேசுவார், போகிற வழியில் டீக்கடைக்காரர்கூட முதலாளித்துவத்தைப் பற்றி ஒன்று பேசுவார். கடைசிக் காட்சியில் ஓர் ஒப்பாரி. அந்த ஒப்பாரி நான் எழுதியதில்லை. இறந்த அன்று இரவு அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோது உள்ளே அந்த அம்மா அழுத சொற்கள் என் காதிலேயே நின்றன. வீட்டுக்குப் போய் எழுதி வைத்துக்கொண்டேன். அதையே மேடையில் நம் குழுத் தங்கை ஒருத்தியைப் பாட வைத்தேன்.

கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. பெண்கள் பக்கத்தில் விசும்பல் கேட்டது. நான் திரை ஓரத்தில் பெருமையோடு நின்றுகொண்டிருந்தேன். அப்போது பெண்கள் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு மேடைக்கு முன்னால் குறுக்கே நடந்து வெளியே போனார். அந்த அம்மாவேதான். விழாவுக்குக் கார்ப்பரேட்டரை அழைத்த நான், கதைக்குச் சொந்தக்காரியை அழைக்கவில்லை. அவர் தாமாகவே வந்திருந்தார்.

மறுநாள் போய் வாசலில் நின்றேன். அவர் சத்தம் போடவில்லை. "ஏன் அண்ணாச்சி, எம் புருசங்கிட்ட நான் சொல்லி அழுததை மைக்குல போட்டு ஊருக்கே கேக்க வச்சிட்டியளே, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?" என்றார். எனக்குப் பதில் இல்லை. அவர் இன்னொன்றும் சொன்னார். "அந்த நாடகத்துல நான் அழுதது மட்டுந்தான் இருக்கு. அதுக்கப்புறம் பதினோரு மாசம் ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்கினேனே, அதை எங்க காணோம்?"

தோழர்களே, பாட்டை எங்கே வைக்க வேண்டும், மேடையில் எதைக் காட்ட வேண்டும் என்பதைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் பாடம் இதுதான். கதையின் நடு முதுகெலும்பு அந்தப் பதினோரு மாதம். அதை விட்டுவிட்டு, கைதட்டல் எங்கே கிடைக்கும் என்று பார்த்து நான் பாட்டை வைத்திருந்தேன்.

பழைய கலைஞர்கள் பாட்டுக்குக் கொடுத்த வேலைகள்

அந்த வெட்கத்தோடு பழைய ஆட்கள் எப்படிச் செய்தார்கள் என்று திரும்பப் பார்க்கத் தொடங்கினேன். நம் கூத்திலும் இசை நாடகத்திலும் ஒரு பாட்டுக்கூடச் சும்மா வராது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. அதில் நான்கை மட்டும் சொல்கிறேன்.

முதல் வேலை, ஆளை அடையாளம் காட்டுவது. திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துத் தோழர்களுக்குத் தெருக்கூத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக்கொள்கிறார்கள். வேஷக்காரர் அதன் பின்னால் நின்று, தான் யார், எந்த நாட்டவன், எதற்கு வந்தேன் என்று பாடுகிறார். பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். மத்தளமும் முகவீணையும் சேர்ந்துகொள்கின்றன. நமக்குக் கிரீடத்தின் நுனியும் சலங்கை கட்டிய காலும் மட்டும் தெரிகின்றன. கட்டியக்காரன் இந்தப் பக்கத்திலிருந்து, நாம் கேட்க நினைக்கும் கேள்வியை நமக்காகக் கேட்கிறான். அதற்குப் பிறகே திரை விலகுகிறது. திரை விலகும்போது அவன் துரியோதனன் என்பதில் கடைசி வரிசைக் கிழவிக்குக்கூடச் சந்தேகம் இருக்காது.

நம் நாடகத்தில் என்ன நடக்கிறது? பேன்ட் சட்டை போட்ட நான்கு பேர் வருகிறார்கள், போகிறார்கள். எவன் மேஸ்திரி, எவன் தொழிலாளி, எவன் சங்கத்துக்காரன் என்று காட்சி முடியும்வரை தெரிவதில்லை. ஒரு வேட்டியை இருவர் பிடித்துக்கொள்ள எவ்வளவு செலவாகும்? மேஸ்திரி அதன் பின்னால் நின்று, தன் கமிஷன் எவ்வளவு, யாரிடமிருந்து எவ்வளவு பிடிப்பேன் என்று இரண்டு அடி பாடிவிட்டு வரட்டுமே. பத்துப் பக்க வசனம் மிச்சம்.

இரண்டாவது வேலை, வழக்காடுவது. தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்து, 1922இல் புதுச்சேரியில் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளைத் தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று சொல்வார்கள். அவர் எழுதிய வள்ளி திருமணத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வேலனும் வள்ளியும் பாட்டாலேயே கேள்வி கேட்டு, பாட்டாலேயே பதில் சொல்லி மடக்கிக்கொள்வார்கள். சத்தியவான் சாவித்திரியில் எமனோடு வாதாடித்தான் சாவித்திரி கணவன் உயிரை மீட்கிறாள். இதைத் தர்க்கம் என்பார்கள். ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து, ஒத்திகையே இல்லாமல் அன்று இரவு மேடையில் சந்திப்பார்கள். எல்லோருக்கும் பாடம் ஒன்று என்பதால் நாடகம் நடக்கும். ஆனால் தர்க்கத்தில் யார் ஜெயிப்பார் என்பது அவரவர் சமயோசிதத்தைப் பொறுத்தது. அதனால்தான் முடிவு தெரிந்த கதைக்கு ஜனங்கள் விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

சொற்பொழிவில் ஒருவன் பேச, மற்றவன் நின்றுகொண்டிருப்பான். தர்க்கத்தில் எதிராளிக்கும் வாய் உண்டு. அவனுடைய நியாயத்தையும் பலமாக வைத்தால்தான் நம்முடைய பதில் பலமாகும். நம் நாடகங்களில் முதலாளி ஒரு முட்டாள். நிஜத்தில் அவர் முட்டாளா? முட்டாளாக இருந்தால் நமக்குச் சங்கம் எதற்கு?

மூன்றாவது வேலை, காலத்தையும் தூரத்தையும் கடப்பது. கோவலனும் கண்ணகியும் பூம்புகாரிலிருந்து மதுரைக்கு நடக்க வேண்டும். மேடையோ பதினைந்து அடி. கூத்தில் இதற்குச் சீன் மாற்றுவதில்லை. அரங்கை ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு காதம் போயிற்று. பாட்டு அந்தச் சுற்றோடு சேர்ந்து நடக்கும். தாளம் தளர்ந்தால் கால் ஓய்ந்துவிட்டது என்று பொருள். நாகர்கோவில் வண்டியில் ஏறி இங்கே வந்து சேருகிற நம்முடைய பயணத்தை நான் ஒரு தடவை பத்து நிமிட வசனமாக எழுதினேன். இரண்டு பெஞ்சும் ஒரு பாட்டும் போதும் என்று அப்போது தெரியவில்லை.

நான்காவது வேலை, வசனம் சொல்ல முடியாத இடத்தில் சொல்வது. நல்லதங்காள் தன் ஏழு குழந்தைகளையும் கிணற்றில் போடுகிற இடத்தில் அழாத பெண் கிடையாது. ஏன் அழுகிறார்கள்? பாடுகிறவள் குரல் நன்றாக இருப்பதாலா? அதற்கு முன்பே பஞ்சத்தைக் காட்டியாகிவிட்டது. அண்ணன் வீட்டை நம்பி வந்ததைக் காட்டியாகிவிட்டது. மூளி அலங்காரி எரியாத பச்சை மட்டையும் ஓட்டைப் பானையும் கொடுத்துச் சமைக்கச் சொன்னதைக் காட்டியாகிவிட்டது. ஒவ்வொரு கதவாக அடைபட்ட பிறகு, பேசுவதற்கு வார்த்தை இல்லாத இடத்தில் பாட்டு வருகிறது. நான் எந்தக் கதவையும் அடைக்காமல் ஒப்பாரியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடியவன்.

ஆகவே ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். பாட்டுக்கு முன்னால் கதை எங்கே நின்றது, பாட்டு முடிந்தபின் எங்கே நிற்கிறது? அதே இடத்தில் நின்றால் அந்தப் பாட்டு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். அந்தக் காலத்து நாடகத்தில் 'ஒன்ஸ்மோர்' கேட்பார்கள். செத்து விழுந்தவன் எழுந்து, மறுபடி பாடிவிட்டு, மறுபடி செத்தான் என்று பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பாடகர் ஜெயித்தார், கதை செத்தது. இன்று நம் பிள்ளைகள் நடுவில் சினிமாப் பாட்டுக்கு ஆடிவிட்டுப் போவதும் அதே நோய்தான்.

ஒரே பாட்டு, இரண்டு கதை

இனி, அரசியல் மேடையில் இருப்பவர்கள் அறிய வேண்டிய ஒன்று. 1876இல் வெள்ளைக்காரன் நாடகங்களைத் தடை செய்ய ஒரு சட்டமே கொண்டுவந்தான். வங்காளத்து அவுரி விவசாயிகளின் துயரைச் சொன்ன நீல தர்ப்பணம் போன்ற நாடகங்கள் அவனைக் கலங்கடித்தன. அந்தச் சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகும் புத்தகத்தில் கிடந்து, 2018இல்தான் நீக்கப்பட்டது. கட்டுரைக்கும் பத்திரிகைக்கும் பயந்ததுபோலவே ஓர் அரசாங்கம் பாட்டுக்கும் வேஷத்துக்கும் பயந்திருக்கிறது.

நம் பக்கத்தில் சிவகாசியில் 1886இல் பிறந்த விசுவநாத தாஸ் அவர்களை எத்தனை பேருக்குத் தெரியும்? மருத்துவர் சமூகம் என்று ஊர் ஒதுக்கிவைத்த முடிதிருத்தும் குலத்தில் பிறந்தவர். அவரோடு ஜோடியாக நடிக்க மறுத்தவர்களும் உண்டு. அவர் முருகனாக நின்று பாடினால் கூட்டம் கட்டுக்கடங்காது. வள்ளி தினைப்புனம் காக்கிற காட்சியைப் பாருங்கள். கதைப்படி அங்கே பறவை ஓட்ட வேண்டும். அந்த இடத்தில் கொக்கைப் பற்றிய ஒரு பாட்டு. மதுரை பாஸ்கரதாஸ் எழுதியது. கதையில் அது வெள்ளைக் கொக்கு. கேட்டவர்களுக்கு அது வெள்ளைக்காரன். தினையைத் தின்ன வந்தது எது, விரட்ட வேண்டியது எது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. போலீஸ்காரனுக்கும் புரிந்தது. பலமுறை சிறைக்குப் போனார். 1940 டிசம்பர் 31ஆம் தேதி சென்னையில், முருகன் வேடத்தில் மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

இதில் நமக்குப் பாடம் என்ன? தேசபக்திப் பாட்டை அவர் கதைக்கு வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டவில்லை. கதையே பறவை ஓட்டும் இடத்துக்கு வந்து நின்றபோது அந்தப் பாட்டு வந்தது. ஆகவே அது வள்ளியின் கதையையும் சொன்னது, நாட்டின் கதையையும் சொன்னது.

இன்னொருவரைச் சொல்கிறேன். இவர் நாம் பிழைக்க வந்திருக்கிற இந்த மண்ணின் பிள்ளை. அண்ணாபாவ் சாட்டே, சாங்லி மாவட்டத்து வாட்டேகாவில் 1920இல் தீண்டாமைக்கு ஆளான மாங் சாதியில் பிறந்தார். சிறுவனாக ஊரிலிருந்து பம்பாய்க்கு நடந்தே வந்த குடும்பம். மில்லில் வேலை பார்த்தார். 1944இல் அமர் ஷேக், கவாண்கர் ஆகியோருடன் சேர்ந்து லால் பாவ்டா கலாபதக் என்ற செங்கொடிக் கலைக்குழுவைத் தொடங்கினார். மராத்தித் தமாஷாவுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் கணபதிக்குக் 'கண்' என்ற வணக்கப் பாட்டு, பிறகு கிருஷ்ணன் கோபியர் கேலியாகக் 'கவ்ளண்', அப்புறம் லாவணி, கடைசியில் 'வக்' என்ற கதை. அண்ணாபாவ் அந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டு, வணக்கப் பாட்டை உழைக்கும் மக்களுக்கும் தியாகிகளுக்கும் சொல்லும் வணக்கமாக மாற்றினார், கவ்ளணை விட்டுவிட்டார். பாத்திரம் பழையது. ஜனங்களுக்குப் பழக்கமானது. உள்ளே இருந்தது மில் தொழிலாளியின் சோறு.

அவருடைய ஒரு பாட்டில், பிழைப்புக்காகப் பம்பாய் வந்தவன், ஊரில் விட்டுவந்த தன் மனைவியை மைனா என்று நினைத்து உருகுகிறான். நம்மில் எத்தனை பேர் அப்படி இருந்திருக்கிறோம்! ஆனால் பாட்டு நடக்க நடக்க, பிரிந்து நிற்கும் அந்த மைனா, புதிய மாநிலத்தோடு சேராமல் விடுபட்ட மராத்திப் பகுதிகளாகவும் ஆகிவிடுகிறாள். ஐக்கிய மகாராஷ்டிர இயக்கக் கூட்டங்களில் அந்தப் பாட்டு ஒலித்தது. 1960 மே 1ஆம் தேதி மாநிலம் பிறந்தது. சொந்த வீட்டுப் பிரிவில் தொடங்கியதால்தான் அந்த அரசியல் ஜனங்களுக்குள் இறங்கியது. அந்த எல்லைக் கோரிக்கையைப் பற்றி நமக்கு எந்தக் கருத்து இருந்தாலும், பாட்டு வேலை செய்த விதத்தைக் கற்றுக்கொள்ளத் தடையில்லை. பக்கத்துச் சாலில் இருக்கும் மராத்தித் தோழர்களைக் கேளுங்கள், அவரைப் பற்றி நிறையச் சொல்வார்கள்.

நம் மேடை

பெரிய கம்பெனிகள் இருந்த காலத்தில் ஜோடனைக்கென்றே ஜனம் வந்தது. கன்னையா கம்பெனியின் தசாவதாரத்தைப் பற்றி இன்றும் பேசுவார்கள். நமக்கு அது வேண்டாம். நமக்கு இருப்பது இரண்டு கட்டடத்துக்கு நடுவில் ஒரு சந்து, மேலே மின்சாரக் கம்பி, பத்து நிமிடத்துக்கு ஒரு லோக்கல் வண்டிச் சத்தம்.

அந்த வண்டிச் சத்தத்தோடு பல வருடம் சண்டை போட்டோம். வண்டி வரும்போதெல்லாம் நடிகன் கத்துவான். இப்போது நான் சொல்வது, கத்தாதீர்கள், நிறுத்துங்கள். வண்டி போகும்வரை மேடையில் எல்லோரும் அசையாமல் நில்லுங்கள். தண்டவாளத்தில் செத்தவனின் கதையில் வண்டிச் சத்தத்தைவிட வேறு பின்னணி இசை எங்கே கிடைக்கும்?

ஒரு பெஞ்சு போதும். உட்கார்ந்தால் ரயில், நிமிர்த்தி வைத்தால் ஆபீஸ் கவுண்டர், மேலே வெள்ளைத் துணி போட்டால் ஆஸ்பத்திரிக் கட்டில். ஜனங்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அரங்கைச் சுற்றினால் மதுரை வந்துவிட்டது என்று நம்பியவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். ஹார்மோனியக்காரரை மறைவில் வைக்காதீர்கள். அவர் மேடை ஓரத்தில் தெரியும்படி உட்காரட்டும். நடிகன் திணறினால் அடி எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். மைக் ஒன்று மேடை நடுவில், ஒன்று பின்பாட்டுக்கு. பின்பாட்டில் குறைந்தது ஆறு பேர் வேண்டும். அதில் பாதி பிள்ளைகளாக இருக்கட்டும். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத நம் பிள்ளைகள், பாட்டைக் காதால் கேட்டு நாக்கில் ஏற்றிக்கொள்வார்கள். ஒப்பந்தக்காரர் இந்தியில்தான் பேசுவார் என்றால் மேடையிலும் இந்தியில் பேசட்டும். நம் வாழ்க்கை அப்படித்தானே இருக்கிறது?

மறுபடி போட்ட நாடகம்

இனி அந்த அம்மாவின் கதையை முடிக்கிறேன். மன்னிப்புக் கேட்டு, நாடகத்தை நிறுத்திவிட்டோம் என்று சொல்லப் போனேன். "நிறுத்தச் சொல்லலியே, ஒழுங்காப் போடச் சொன்னேன்" என்றார். மறு வருடம் அவரும் இன்னும் இரண்டு பெண்களும் ஒத்திகைக்கு வந்து உட்கார்ந்தார்கள். முதல் வேலையாக என்னுடைய ஒன்பது சொற்பொழிவில் எட்டு போயிற்று. ஒப்பாரியும் போயிற்று.

அந்த இடத்தில் ஹார்மோனியம் நின்றுவிடும். கூட வேலை பார்த்தவன் வந்து சாப்பாட்டுத் தூக்கை அவள் கையில் கொடுப்பான். திறந்து பார்ப்பாள். கட்டிக் கொடுத்த சோறு அப்படியே இருக்கும். மூடிவிடுவாள். அவ்வளவுதான். அன்று நிஜத்தில் நடந்தது அது என்று அவர்தான் சொன்னார். அழுகை ராத்திரிதான் வந்ததாம்.

பிறகு சுற்று தொடங்கும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் அரங்கைச் சுற்றி நடப்பாள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் ஆபீஸ். பெஞ்சுக்குப் பின்னால் குமாஸ்தா. அவள் பாட்டில் கேட்பாள். அவன் "நாளைக்கு வா" என்பான். பின்பாட்டு அதை வாங்கிப் பாடும். முதல் சுற்றில் குழந்தை இடுப்பில். மூன்றாவது சுற்றில் கையைப் பிடித்து நடக்கும். ஐந்தாவது சுற்றில் வழி தெரிந்து முன்னால் ஓடும். பதினோரு மாதம் என்று யாரும் வாயால் சொல்லவில்லை. குமாஸ்தா வேஷம் எனக்குக் கொடுத்தார்கள். அதற்கு மட்டும் ஒத்திகை தேவைப்படவில்லை என்று எல்லோருக்கும் சிரிப்பு.

கடைசிச் சுற்றில் தர்க்கம். ஒப்பந்தக்காரர் ஓடிப்போனாலும், அவரிடம் வேலையை ஒப்படைத்த நிறுவனத்துக்கே இழப்பீட்டில் பொறுப்பு உண்டு என்று அப்போது நடப்பில் இருந்த 1923ஆம் வருடத்துச் சட்டத்தின் 12ஆவது பிரிவு சொன்னது. அதை வக்கீல் பேசவில்லை. அவளே பாட்டில் கேட்டாள்: என் புருஷன் யார் நிலத்தில் செத்தான், யார் வேலைக்குச் செத்தான்?

"நாளைக்கு வா" என்று முதலில் பின்பாட்டு பாடியபோது கூட்டம் சிரித்தது. இரண்டாவது சுற்றில் பிள்ளைகள் கூடச் சேர்ந்து பாடினார்கள். நான்காவது சுற்றில் யாரும் சிரிக்கவில்லை. நாடகம் முடிந்தபோது பெரிய கைதட்டல் ஒன்றும் இல்லை. எனக்குச் சற்று ஏமாற்றம்தான். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நம் சங்கத்தின் பக்கமே எட்டிப் பார்க்காத பதினான்கு ஒப்பந்தத் தொழிலாளிகள் வந்து, பதிவேட்டில் எங்கள் பெயர் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்டார்கள். என்னுடைய எந்தச் சொற்பொழிவும் அதுவரை பதினான்கு பேரைக் கொண்டுவந்ததில்லை.

செய்ய வேண்டியவை

ஆகவே நாடகக் குழுவுக்கும் செயற்குழுவுக்கும் என் வேண்டுகோள் இவை. பொங்கல் விழாவில் நாடகம் இருக்கட்டும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஆர்க்கெஸ்ட்ரா கேட்கிறவர்களுக்கு அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் கொடுப்போம். இளைஞர்களை விரோதித்துக்கொண்டு சங்கம் நடத்த முடியாது. ஹார்மோனியத்தின் துருத்தி கிழிந்து இரண்டு வருடம் ஆகிறது. அதைப் பழுது பார்க்க இந்த மாதமே பணம் ஒதுக்க வேண்டும். கதை எழுதும் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். யாருடைய வாழ்க்கையை மேடையேற்றுகிறோமோ அவர்களைக் கேட்காமல் ஒரு வரிகூட எடுக்கக் கூடாது. அவர்களுக்கு முதல் வரிசையில் நாற்காலி போட வேண்டும். ஒத்திகை ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்கு. ஷிப்டு உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்தச் சம்பவத்தை இன்று இங்கே பேசலாமா என்று நேற்று மாலை அந்த அம்மாவிடம் போய்க் கேட்டேன். அவர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறாரா இல்லையா என்று நான் சொல்லப் போவதில்லை. "சொல்லுங்க அண்ணாச்சி, பேரு மட்டும் வேண்டாம்" என்றார். நான் படியிறங்கியபோது கூப்பிட்டு, "ரொம்ப நேரம் பேசிராதிய" என்றார்.

அவர் சொல்லைக் காப்பாற்றி இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.